ஓமந்தூர் டானிக்

எனக்குத் தாத்தா ஒருவர் இருக்கிறார் என்பதற்கு ஒன்பது வயது வரை எங்கள் வீட்டில் இருந்த ஒரே அத்தாட்சி ஒரு பாட்டில்தான். கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டதும் அது ஓமந்தூரிலிருந்து வந்துவிடும். மாமா அதைப் பஸ்ஸில் கொண்டுவந்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார். பழைய செய்தித்தாளைச் சுற்றிச் சணல் கட்டியிருக்கும். உள்ளே, கறுப்பா பச்சையா என்று சொல்ல முடியாத நிறத்தில், தேனைவிடக் கொஞ்சம் இளகிய ஒன்று மெதுவாக அசையும். தூதுவளையும் ஆடாதோடையும் மிளகும் திப்பிலியும் இன்னும் என்னென்னவோ போட்டுத் தாத்தா தன் கையாலேயே காய்ச்சியது. அம்மா அதை டானிக் என்பாள்.

மார்கழி முழுக்கக் காலையில் ஆளுக்கு ஒரு ஸ்பூன். முதலில் எனக்கு, பிறகு அம்மாவுக்கு. அப்பா கடைசியாக வருவார். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பார். விழுங்கிவிட்டு, நன்றாயிருக்கிறது என்றோ கசக்கிறது என்றோ ஒரு வார்த்தை சொல்லாமல், வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போவார்.

தாத்தா எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நாங்களும் அங்கே போனதில்லை. அப்பாவும் அம்மாவும் தாங்களாகவே கல்யாணம் செய்துகொண்டவர்கள். அம்மாவின் வீட்டுக்கு ஓமந்தூரில் சொந்த நிலமும் பம்புசெட்டும் இருந்தன. அப்பாவின் அப்பா விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் கரும்பு வெட்டப் போனவர். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. எனக்கு மட்டும் யாரும் விளக்கவில்லை. ஓமந்தூர் என்பது பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிற ஊர் என்பதே தெரியாமல், கடல் தாண்டிப் போகவேண்டிய இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் கார்த்திகை பாதி கழிந்தும் பாட்டில் வரவில்லை. "மழ விடட்டும்னு இருக்காங்களோ என்னமோ" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மழை விடவில்லை.

மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட ஒரு காலையில் அப்பா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். அப்பா ஓட்டியது ஒரு சின்ன லோடு வண்டி. அன்றைக்கு விழுப்புரத்துக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் புண்ணாக்கு மூட்டைகள். தார்ப்பாய் மேல் மழை விழும் சத்தத்தையும் புண்ணாக்கின் எண்ணெய் வாசனையையும் சுமந்துகொண்டு வண்டி போனது. வெளியே ஒன்றுமே இல்லை. ரோடு இல்லை, வயல் இல்லை. ஏரிகள் எல்லாம் கரை மறந்து வானத்தோடு சேர்ந்துவிட்டிருந்தன. எதிரே வரும் லாரிகள் வெறும் இரண்டு மஞ்சள் விளக்குகளாகத் தோன்றி, பக்கத்தில் வந்து, தண்ணீரை வாரி அடித்துவிட்டு மறைந்தன. நாங்கள் ஒரு பெரிய வெள்ளைத் துணிக்குள் ஊர்ந்து போய்க்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது.

விக்கிரவாண்டி தாண்டும்போது அப்பாவின் செல்போன் அடித்தது. எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரு போன்தான். அப்பா வண்டியை ஓரம் கட்டினார். "எப்போ?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி" என்றார். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, வைப்பர் போவதையும் வருவதையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"யாருப்பா?"

"ஓமந்தூர்லேர்ந்து" என்றார். "ஒண்ணும் இல்ல. நீ அந்தாண்ட கண்ணாடிய ஏத்து, சாரல் அடிக்குது."

பிறகு விழுப்புரம் போனோம். மூட்டை இறக்க ஆள் வரவில்லை, காத்திருந்தோம். ஆள் வந்ததும் மழை வலுத்தது, மறுபடியும் காத்திருந்தோம். திரும்பும்போது அப்பா ஒரு டீக்கடையில் நிறுத்தி எனக்கு பட்டர் பன் வாங்கிக் கொடுத்தார். தான் வாங்கிய டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நேரம் அப்பாவோடு தனியாக நான் இருந்ததே இல்லை. என் ஈரத் தலையைத் துண்டால் துவட்டிவிட்டார். வழியெல்லாம் நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். என் சின்ன வயதில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த நாள் எது என்று அப்போது கேட்டிருந்தால் அந்த நாளைத்தான் சொல்லியிருப்பேன்.

போனில் வந்தது தாத்தா இறந்த செய்தி. அதை அப்பா அம்மாவிடம் சொன்னபோது மதியம் மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

ஏன் உடனே திரும்பவில்லை என்பதை அப்பா ஒரே ஒரு முறை, நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, என்னிடம் சொன்னார். லோடை இறக்கிவிட்டுப் போய்விடலாம், மாலை வரைக்கும் வைத்திருப்பார்கள் என்று முதலில் நினைத்தாராம். அதற்கு அடியில் இன்னொரு நினைப்பும் இருந்ததாம். "பத்து வருசமா நம்ம வாசப்படி மிதிக்காத மனுசன்தான, இன்னா அவசரம்னு ஒரு நெனப்பு. அது வந்துட்டுப் போச்சு. வந்தது வந்ததுதான்" என்றார். 

நாங்கள் ஓமந்தூர் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் முழங்கால் வரை சேறோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். காலையிலேயே போனில் சொல்லிவிட்டோமே என்றார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் ஓடைத் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்ததால் அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை என்றார்கள். அம்மா தன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வெறும் கட்டில் கிடந்த இடத்தில் விழுந்து அவள் போட்ட கூச்சலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அப்பா தெருவிலேயே, வண்டிக்குப் பக்கத்தில், மழையில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வா என்று யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

மறுநாள் அம்மாவுக்குக் குரலே வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டது என்றார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, நாலு நாளைக்கு வாயைத் திறந்து பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

நாலு நாள் ஆயிற்று. ஒரு வாரம் ஆயிற்று. அம்மா பேசவில்லை.

அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை யாராவது வந்து அளவு கொடுப்பதும் வாங்குவதுமாக இருப்பார்கள். அவர்களோடு பேசிக்கொண்டே தைப்பாள். ஆள் இல்லாவிட்டால் மெஷினோடு பேசுவாள். அந்தக் குரல் நின்றதும் வீடு தண்ணீருக்கடியில் போய்விட்டது போல் ஆகிவிட்டது. வெளியே மழை நின்று பனி தொடங்கியிருந்தது. காலையில் கதவைத் திறந்தால் தெருவே இருக்காது. பால்காரரின் மணி மட்டும் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகும். உள்ளே மெஷினின் சத்தம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நடுவில் நான் மிதந்துகொண்டிருப்பேன்.

எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது. ஏனென்றால் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. துணி வெட்டும் பலகையில் அம்மா சாக்பீஸால் எழுதுவாள். வந்தவர்களுக்கு நான் அதைப் படித்துச் சொல்வேன். "வியாழக்கிழமை வந்து வாங்கிக்கச் சொல்றாங்க." "கை இன்னும் கொஞ்சம் எறக்கமா வேணுமான்னு கேக்கறாங்க." எனக்கும் பலகையில்தான் எழுதுவாள். சாதம் ஆச்சு. தலை வாரிக்க வா. அப்பாவுக்கு மட்டும் அந்தப் பலகையில் ஒன்றும் எழுதப்பட்டதில்லை. அப்பா வந்தால் தட்டு வைக்கப்படும். அப்பாவுக்குப் படிக்க நேரமில்லை, அதனால் எழுதவில்லை என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. வாங்கி வைத்திருந்த துணிகளையெல்லாம் அம்மா ஒவ்வொன்றாகத் தைத்து முடித்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புதிதாக யாரிடமும் வாங்கவில்லை. அலமாரியில் துணி மூட்டைகள் குறையக் குறைய, பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ரெக்சின் பை நிறைந்துகொண்டு வந்தது. அதில் அம்மாவின் புடவைகளும் என் பாவாடை சட்டைகளும் இருந்தன. ஒருநாள் என் பள்ளிக்கூட யூனிஃபார்ம் இரண்டு செட்டையும் மடித்து அதில் வைத்தாள். "எங்கம்மா போறோம்?" என்று கேட்டேன். பலகையில் எழுதினாள்: தாத்தா ஊர்.

அன்று மாலை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் பெருமையாகச் சொன்னேன். "அப்பா, பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்க தாத்தா ஊருக்குப் போறோமே. யூனிஃபார்மெல்லாம் எடுத்துக்கினு போறோம்."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அடுத்த அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பையைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தானே கழுவி வைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் அப்பா என்னை எழுப்பினார். "வா, ஜல்தியா கெளம்பு. ஓமந்தூர் போய்ட்டு வந்துடலாம்."

"அம்மா?"

"அம்மாவுக்கு மருந்து வாங்கத்தான் போறோம்."

பனி இன்னும் விலகவில்லை. பனைமரங்கள் அடி இல்லாமல் தலை மட்டுமாக நின்றன. மாமா வீட்டுக்குள் இல்லை, பம்புசெட்டில் இருந்தார். அப்பா வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தார். வழுக்கும் என்பதற்காக என்னைப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். பாதி வரப்பில் என் விரல்கள் வலித்தன.

மாமா மண்வெட்டியைப் பிடித்தபடி நிமிர்ந்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பாப்பா, உங்கப்பா எதுக்கு வந்துக்கிறாருன்னு கேளு."

இரண்டு பேருக்கும் நடுவில் நாலு முழம்கூட இல்லை. ஆனாலும் எனக்குப் பழகிய வேலை என்பதால் நான் திரும்பி அப்பாவிடம் கேட்டேன். "எதுக்கு வந்துக்கிறன்னு கேக்கறாரு."

"அம்மாவுக்கு இன்னும் குரல் வரல. தாத்தா காய்ச்சுவாரே டானிக்கு, அது எப்டி காய்ச்சறதுன்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்னு சொல்லு."

சொன்னேன். மாமா மண்வெட்டியால் ஒரு மடையை அடைத்தார். அடைத்ததையே மறுபடி அடைத்தார்.

"ரெண்டு மணி வரிக்கும் வச்சிக்கினு இருந்தோம். தண்ணி ஏறிக்கினே வந்துச்சி. பொண்ணு வந்துடும், வந்துடும்னு ஊரே நின்னுச்சி. சொல்லு உங்கப்பாகிட்ட."

"ரெண்டு மணி வரிக்கும் வச்சிக்கினு இருந்தாங்களாம்பா" என்றேன். டானிக்கை அடுப்பில் இரண்டு மணி வரை வைக்கவேண்டும் போலிருக்கிறது என்று அதை மனதில் குறித்தும் கொண்டேன்.

"தெரியும்னு சொல்லு" என்றார் அப்பா.

"தெரியுமாம் மாமா."

 அப்பா போகவில்லை. மாமா அவரைப் போகச் சொல்லவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து மாமா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வேலிப் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

வேலி முழுக்கத் தூதுவளை படர்ந்திருந்தது. ஊதாப் பூவும், தண்டிலும் இலையிலும் முள்ளுமாக. அதன் மேல் பனித்துளிகள். அதற்கு அந்தப் பக்கம் ஆடாதோடை ஆள் உயரத்துக்கு நின்றது. மாமா பறிக்க ஆரம்பித்தார். பறித்தபடி என்னிடம் பேசினார்.

"மொதல்ல சின்ன பாட்டில்லதான் குடுத்தனுப்புவாரு, உங்கம்மாவுக்கு மட்டும். நீ பொறந்தப்புறம் கொஞ்சம் பெரிய பாட்டில். இப்ப மூணு வருசமா முழு பாட்டில் வருதே, ஏன்னு உங்கப்பாவக் கேளு."

"ஏம்பா?"

"தெரியலன்னு சொல்லு."

"அவருக்கும் சேத்துதான் காய்ச்சினாரு. அந்தப் புள்ள மழையிலயும் பனியிலயும் வண்டி ஓட்டறவன், நெஞ்சுல சளி கட்டிக்கும்னாரு. இங்க இந்த எடத்துல நின்னுக்கினுதான் சொன்னாரு. இந்த வருசமும் அவரே வந்து பறிக்கணும்னு இருந்தாரு, முடியல. அதையும் சொல்லு."

நான் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் சுருக்கிச் சொன்னேன். "அப்பா, உனக்கு சளி கட்டிக்கும்னு தாத்தா சொன்னாராம். அதான் பெரிய பாட்டிலாம்."

அப்பா தூதுவளைக் கொடியை ஒரு கொத்தாகப் பிடித்து இழுத்தார். முள் கையில் ஏறுவதைப் பார்க்காதவர் போல இழுத்துக்கொண்டே இருந்தார். விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

"அப்டி இழுக்காதீங்க" என்றார் மாமா. "கொழுந்தா பாத்துக் கிள்ளுங்க. பின்பக்கமும் முள்ளு இருக்கும்."

நான் திரும்பி அதை அப்பாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா அதற்குள் "சரிங்க" என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு மாமா அப்பாவிடமே பேசினார். ஆடாதோடையைப் பச்சையாக இடித்தால் சாறு வராது, நடு நரம்பை எடுத்துவிட்டு ஆவியில் வாட்டித்தான் பிழியவேண்டும். சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை எல்லாவற்றையும் வறுத்து இடித்து, தண்ணீர் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்வரை கொதிக்கவைக்க வேண்டும். "வெல்லம் போட்டுடாதீங்க. பனங்கற்கண்டுதான். தேன் கடைசியில, ஆறுனப்புறம்." அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். என் வேலை பறிபோய்விட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஒரு தும்பியைத் துரத்திக்கொண்டு வாய்க்கால் ஓரமாகப் போனேன். திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் பனிக்குள் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து இலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். யார் எவர் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா குளித்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அதற்கு முன் அவர் அங்கே தண்ணீர் குடிக்க மட்டும்தான் போயிருக்கிறார். எது எங்கே இருக்கிறது என்று எதுவும் தெரியவில்லை. என்னைத்தான் கேட்டார். அம்மா முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தாள். ஏதாவது பாத்திரம் கீழே விழுந்தால் மெஷின் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடும்.

மிளகையும் திப்பிலியையும் வறுக்கத் தொடங்கியதும் வீடே இருமியது. நான் இருமினேன், அப்பா இருமினார், முன்னறையில் அம்மா இருமினாள். "அப்பா, அம்மாவுக்குத் தொண்ட தொறக்குது" என்று காதோடு சொன்னேன். அப்பா கரண்டியோடு அப்படியே நின்று கேட்டார். இருமல் அடங்கிவிட்டது.

கல்லுரலில் இடித்தோம். அப்பா இடித்தார், நான் சிதறியதை வழித்துப் போட்டேன். இட்லிப் பானையில் ஆடாதோடை வாடியது. ஆவி எழுந்து சமையலறை ஜன்னலை மூடியது. வெளியேயும் பனி, உள்ளேயும் பனி. அப்பாவின் முகம் அதற்குள் தோன்றியும் மறைந்தும் கொண்டிருந்தது. முள் குத்திய கையால் இலைகளை ஒவ்வொன்றாகப் பிழிந்தார். எரிந்திருக்கவேண்டும். மஞ்சள் வெயில் ஒரு கோடாக வந்து அந்த ஆவியில் படுத்துக்கொண்டது. நான் எத்தனை மணி நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் எப்போதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது போல இருந்தது.

"வடிகட்டணும்" என்றார் அப்பா. "சுத்தமா ஒரு வெள்ளத் துணி பாரு."

நான் ஓடிப்போய்த் தையல் அலமாரியின் மேல்தட்டில் மடித்து வைத்திருந்த மெல்லிய வெள்ளைத் துணியை எடுத்துவந்தேன். அலமாரியில் மிச்சமிருந்த கடைசித் துணி அதுதான். மெஷினுக்குக் குனிந்திருந்த அம்மா கவனிக்கவில்லை. அப்பா அதை விரித்து, சாற்றையும் கஷாயத்தையும் ஊற்றி, முறுக்கிப் பிழிந்தார். பிறகு அந்தத் துணியைக் குழாயின் மேல் போட்டார். அதிலிருந்து பச்சைத் துளிகள் சொட்டின. பனங்கற்கண்டு போட்டு மறுபடி கொதிக்கவைத்தார். நுரை கட்டி, நிறம் மாறி, கரண்டியில் கம்பியாக இறங்க ஆரம்பித்தபோது, அந்த வாசனை எழுந்தது. ஒவ்வொரு கார்த்திகையிலும் செய்தித்தாளைப் பிரித்ததும் வருகிற அதே வாசனை.

முன்னறையில் மெஷின் நின்றது. இந்த முறை அது மறுபடி ஓடவில்லை.

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கண் சட்டியில் இருந்தது. அப்பா அவளைப் பார்க்காமல் கிளறிக்கொண்டே இருந்தார். அம்மாவின் மூக்கு விரிந்து சுருங்கியது. சட்டியிலிருந்து அவள் பார்வை அப்பாவின் கைக்குப் போனது. அங்கிருந்து குழாய்க்குப் போனது.

"ஐயோ, அது டீச்சரோட லைனிங் துணிங்க!"

மணி அடித்தது போல் அம்மாவின் குரல் வந்தது. ஒரு கரகரப்புக்கூட இல்லை. பத்து நாளாக மூடியிருந்த குரல் போலவே இல்லை.

"அப்பா, குடிக்கிறதுக்கு முன்னாடியே வேல செஞ்சிடுச்சிப்பா!" என்று நான் குதித்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அப்பா அடுப்பை அணைத்தார். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

"ஏங்க சொல்லல?" என்றாள். "ஏன் எங்கிட்ட சொல்லல? ஒரே ஒரு வார்த்த. அப்பவே சொல்லியிருந்தா..." 

அது டீச்சர் துணி. எங்கள் நாலாம் வகுப்பு டீச்சரின் துணி. எடுத்துக் கொடுத்தது நான்.  "நான்தாம்மா எடுத்துக் குடுத்தேன். அப்பாவுக்குத் தெரியாது" என்றேன்.

"நீ இல்ல" என்றார் அப்பா. அவர் என்னிடம் பேசவில்லை, அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். "தப்பு எம்மேலதான். சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்புதான். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல." சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "எனக்கும் சேத்துதான் காய்ச்சிக்கினு இருந்தாராம்" என்றார். அதைச் சொல்லும்போது அப்பாவின் குரல்தான் கட்டிக்கொண்டது.

அம்மா அப்படியே நிலையோரம் சரிந்து உட்கார்ந்து அழுதாள். ஓமந்தூரில் அழுதது போல் கூச்சல் இல்லை. மெல்ல, நிறுத்தாமல், நெடுநேரம் அழுதாள். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார், தொடவில்லை. பிறகு எழுந்து டம்ளரில் கொஞ்சம் டானிக் ஊற்றி ஆற்றிக்கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அம்மா அதை எடுத்துக் குடித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "திப்பிலி ஜாஸ்தி" என்றாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மூன்று பேரும் போனோம். பந்தியில் மாமா தன் பக்கத்து இலையில் அப்பாவை உட்காரவைத்தார். சிலர் எழுந்து போனார்கள். மாமா கவனிக்காதது போல் சாம்பார் கேட்டார். ரெக்சின் பை எங்களோடு வரவில்லை. அதை அம்மா அதற்கு முந்தைய நாளே பிரித்துத் துணிகளை பீரோவில் அடுக்கிவிட்டிருந்தாள். என் யூனிஃபார்ம் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. அம்மா அப்பாவை மன்னித்துவிட்டாளா என்று எனக்கு இப்போதும் தெரியாது. பேசினாள். அவ்வளவுதான் தெரியும். சில மழை நாட்களில் பேசாமலும் இருந்தாள்.

டானிக் காய்ச்சிய மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடிந்ததும் நானே டீச்சரிடம் போய் நின்றேன். விஷயம் என் வாயால் தெரிந்தால் அடி குறையும் என்று ஒரு கணக்கு. எங்கள் வீட்டில் நடந்தது பாதி ஊருக்குத் தெரியும் என்பதும் டீச்சருக்கும் தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது.

"டீச்சர், உங்க லைனிங் துணியில டானிக்க வடிகட்டிட்டோம். பச்சையாயிடுச்சி. அம்மா வேற வாங்கித் தச்சிக் குடுத்துடறேன்னு சொன்னாங்க."

டீச்சர் சிரித்தார். "பரவால்ல. அம்மா பேசறாங்களா இப்ப?"

"பேசறாங்க டீச்சர். ஆனா அந்தத் துணி கெட்டுப்போச்சேன்னு ரொம்ப அழுதாங்க. சாயங்காலம் வரிக்கும் அழுதாங்க."

டீச்சரின் சிரிப்பு நின்றது. 

"துணிக்கா அழுதாங்க?"

"ஆமா டீச்சர்" என்றேன். அவர் நம்பவில்லையோ என்று தோன்றியதால் இன்னும் அழுத்திச் சொன்னேன். "துணிக்குத்தான்."